இந்து தேசியவாதத்தைப் படித்தறிவது எப்படி?

இந்து தேசியவாதத்தைப் பற்றி உரக்கப் பேசுபவர்களில் பலர் அதன் மூல நூல்களில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டிப் பார்த்திருப்பதில்லை. எதிர்ப்பவர்கள், ஆதரிப்பவர்கள் ஆகிய இரு தரப்புக்கும் இது பொருந்தும். ஒரு கிளை நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசகர் வட்டத்தில் சில ஆண்டுகளாக இந்தப் பொருளைப் படித்துவருகிறோம். தொடக்கத்தில் மேடைப் பேச்சுகளிலிருந்தும் செய்தித் தலைப்புகளிலிருந்தும் தொடங்கியதால், ஒவ்வொரு கூட்டமும் சண்டையில் முடிந்தது. வரையறையிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து வீட்டு வாசலுக்கும் வரிசையாக வரும் முறையைக் கைக்கொண்ட பிறகுதான் படிப்பு படிப்பாக அமைந்தது. கல்லூரி மாணவர்களுக்கும் தாமாகவே படிக்க விரும்புவோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இந்து சமயம், இந்துத்துவம், பாரதிய ஜனதா கட்சிக்கு வாக்களித்தல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. இந்து சமயம் என்பது கோயில், விரதம், குலதெய்வம், திருமுறை, பிரபந்தம் என்று ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடும் நம்பிக்கைகளின் பெருந்தொகுப்பு. இந்துத்துவம் என்பது இந்திய நாட்டின் அடையாளம் எது, அதன் முதல் உரிமையாளர் யார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் நூறாண்டு வயதுடைய அரசியல் கருத்தியல். ஒரு கட்சிக்கு விழும் வாக்குக்கோ சாலை, எரிவாயு இணைப்பு, உள்ளூர் வேட்பாளர், சாதிக் கணக்கு என்று வேறு பல காரணங்கள் இருக்கலாம். இந்தப் பிரிப்பை வெளியார் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். இந்துத்துவம் வேறு, இந்து மதம் வேறு என்பதை, அந்தக் கருத்தியலை வகுத்துத் தந்த சாவர்க்கரே தம் நூலின் தொடக்கத்தில் வலியுறுத்துகிறார். தம்மைச் சனாதன இந்து என்று சொல்லிக்கொண்டு நாள்தோறும் இராம நாமம் ஜெபித்த காந்தியைச் சுட்டுக் கொன்றவர் இந்து தேசியவாதியான கோட்சே என்ற ஒரு செய்தியே, பக்தியும் கருத்தியலும் வெவ்வேறு என்பதற்குப் போதிய சான்று.

மூல நூலைக் கையில் எடுங்கள்

விநாயக் தாமோதர் சாவர்க்கர் ரத்னகிரிச் சிறையில் இருந்தபோது எழுதிய இந்துத்துவ நூல், 'ஒரு மராத்தியர்' என்ற புனைபெயரில் 1923இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அளவில் சிறியது; இரண்டு மூன்று அமர்வுகளில் படித்துவிடலாம். சிந்து நதி முதல் கடல்கள் வரை விரிந்த இந்த நிலத்தைத் தன் பித்ருபூமியாகவும் புண்ணியபூமியாகவும் கருதுபவரே இந்து என்ற வரையறை அதில்தான் இருக்கிறது. அதற்கு அடியில் கோடிட்டுக்கொண்டு, அதன் இரண்டு பாதிகளும் எவ்வாறு வேலை செய்கின்றன என்று பாருங்கள். முன்னோர் நிலம் என்ற முதல் பாதியை இந்திய முஸ்லிமும் கிறிஸ்தவரும் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள்; அவர்களுடைய முன்னோரும் இந்த மண்ணில் பிறந்து இங்கேயே மறைந்தவர்கள். புண்ணியபூமி என்ற இரண்டாம் பாதியில்தான் கதவு அடைபடுகிறது. அவர்களுடைய புனித நிலம் அரேபியாவிலோ பாலஸ்தீனத்திலோ இருப்பதால் அவர்களுடைய பற்று பிளவுபட்டது என்கிறார் சாவர்க்கர். சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோர் இதே வரையறையால் உள்ளே அழைத்துக்கொள்ளப்படுகிறார்கள். அவர்களில் பலர் தங்களை இந்து என்று அழைப்பதை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மனிதர் வரி செலுத்துகிறார், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார், ராணுவத்தில் பணியாற்றுகிறார் என்பதெல்லாம் இந்த வரையறையில் கணக்கில் வருவதில்லை. அவர் எந்தத் திசையை நோக்கித் தொழுகிறார் என்பது வருகிறது. ஆகவே ஒரு பிரிவினர் பிறந்த உடனேயே நாட்டுக்குரியவர் ஆகிறார்கள், மற்றொரு பிரிவினர் வாழ்நாள் முழுவதும் தங்கள் பற்றுக்குச் சான்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் ஆகிறார்கள். யாரிடம் சான்று கேட்கப்படுகிறது? இந்தக் கேள்வியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி நீங்கள் படிக்கும் ஒவ்வொரு சட்டத்தின் முன்னும் தீர்ப்பின் முன்னும் இதையே கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்துப் படிக்க வேண்டியவர் மாதவ சதாசிவ கோல்வல்கர். 1940 முதல் 1973 வரை ராஷ்டிரிய சுயம்சேவக் சங்கத்தின் (ஆர்.எஸ்.எஸ்.) தலைவராக இருந்த அவருடைய உரைகளின் தொகுப்பு 1966இல் வந்தது. அதில் உள்நாட்டு ஆபத்துகளாக முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் கம்யூனிஸ்டுகளையும் வரிசைப்படுத்தும் பகுதியைத் தவறாமல் படியுங்கள். அதோடு நிறுத்திவிட்டால் நேர்மையாகாது. 2018 செப்டம்பரில் டெல்லியில் நடந்த மூன்று நாள் உரைத் தொடரில், இன்றைய தலைவர் மோகன் பாகவத், அந்தத் தொகுப்பின் சில பகுதிகள் அக்காலச் சூழலுக்கு உரியவை, என்றைக்கும் பொருந்துபவை அல்ல என்றார். முஸ்லிம்கள் இல்லாவிட்டால் அது இந்துத்துவமே அல்ல என்றும் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, சொன்ன மாற்றம் நடைமுறையில் எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று தேடுங்கள்.

எதிர்த் தரப்பிலிருந்து ஒரே ஒரு நூலைத்தான் படிக்க முடியும் என்றால், பாகிஸ்தான் பற்றி அம்பேத்கர் 1940களில் எழுதியதைப் பரிந்துரைப்பேன். இந்து ராஜ்ஜியம் உண்மையாகிவிட்டால் அது இந்த நாட்டுக்கு நேரும் மிகப்பெரிய பேரிடராகும் என்று அதில் எழுதியவரும் அவரே. இந்துக்களும் முஸ்லிம்களும் இரு தேசங்கள் என்பதில் சாவர்க்கரும் ஜின்னாவும் முற்றிலும் ஒத்துப்போகிறார்கள் என்று சுட்டிக்காட்டியவரும் அவரே. முஸ்லிம் அரசியலையும் அவர் அந்நூலில் கடுமையாக விமர்சிக்கிறார். தனக்குப் பிடித்த வரிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும் பழக்கம் இரு பக்கமும் இருப்பதால், நூலை முழுதாகப் படிப்பது அவசியம்.

அமைப்புகளின் கால வரிசை

இதற்கு ஒரு பக்கக் குறிப்பு போதும். இந்து மகாசபை 1915. நாக்பூரில் ஹெட்கேவார் தொடங்கிய ஆர்.எஸ்.எஸ். 1925, காந்தி கொலைக்குப் பின் 1948இல் அதற்குத் தடை, 1949இல் தடை நீக்கம், பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கம் 1951, விசுவ இந்து பரிஷத் 1964, பா.ஜ.க. 1980. அரசியல் கட்சி ஒரு கிளை மட்டுமே, பள்ளிகள், தொழிற்சங்கம், பழங்குடிப் பகுதிச் சேவை அமைப்புகள் என்று வேர் வேறு இடங்களிலும் ஓடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளத்திலும் புயலிலும் உணவுப் பொட்டலத்தோடு முதலில் வந்து நின்றவர் ஒரு ஸ்வயம்சேவகர் (ஆர்.எஸ்.எஸ். தொண்டர்) என்ற நன்றியுணர்வைப் புரிந்துகொள்ளாதவருக்கு இந்த இயக்கத்தின் வளர்ச்சி விளங்காது.

தமிழ்நாட்டு வாசகர் இந்த வரிசையில் ஓர் ஊரின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: மீனாட்சிபுரம். இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள இந்தச் சிற்றூரில், சாதிக் கொடுமையும் காவல் துறையின் தொல்லையும் தாங்காத பட்டியல் சாதி மக்கள் நூற்றுக்கணக்கில் 1981 பிப்ரவரியில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். மாற்றத்துக்கு என்ன காரணம் என்று கேட்டவர்களைவிட, அதன் பின்னால் எந்த வெளிநாட்டுப் பணம் என்று கேட்டவர்களின் குரலே டெல்லி வரை ஓங்கி ஒலித்தது. விசுவ இந்து பரிஷத் நாடு முழுவதும் யாத்திரைகளையும் இந்து ஒற்றுமை மாநாடுகளையும் நடத்தத் தொடங்கிய காலம் இதுதான். வட இந்தியாவின் கதை என்று நாம் ஒதுக்கிவைக்கும் ஒன்றின் ஒரு திருப்பம் நெல்லைச் சீமையில் நிகழ்ந்திருக்கிறது.

சட்டத்தின் வாசகத்தையே படியுங்கள்

செய்தித்தாள் சுருக்கத்தை நம்பாமல், அரசிதழில் வந்த சட்ட வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம், 2019 மிகச் சிறியது. ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31 வரை வந்துசேர்ந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களைச் சட்டவிரோதக் குடியேறியவராகக் கருதுவதில்லை என்றும், அவர்கள் குடியுரிமை பெறத் தேவையான வசிப்புக் காலம் பதினொரு ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைகிறது என்றும் அது சொல்கிறது. இந்த மூன்று நாடுகளிலும் இஸ்லாம் அரசு மதமாக இருக்கிறது, அங்கே சிறுபான்மையினர் துன்புறுகிறார்கள் என்பது அரசின் வாதம். துன்புறுகிறார்கள் என்பது உண்மை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து இந்துக் குடும்பங்களின் அவலத்தைக் குறைத்துப் பேசுவது அறமாகாது.

ஆனால் துன்பம்தான் அளவுகோல் என்றால், அதே பாகிஸ்தானில் முஸ்லிம் அல்லாதவர் என்று அரசமைப்பாலேயே அறிவிக்கப்பட்டுத் துன்புறும் அகமதியர் ஏன் பட்டியலில் இல்லை? மியான்மரின் ரோஹிங்கியாக்கள் ஏன் இல்லை? 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்து, முகாம்களிலேயே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பெற்ற இலங்கைத் தமிழர்கள் ஏன் இல்லை? அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது, சட்டம் துன்பத்தை அளக்கவில்லை, புண்ணியபூமி என்ற பழைய வரையறையின் நிழலில் ஒரு வரைபடத்தை வரைந்திருக்கிறது என்ற முடிவுக்கே நான் வந்தேன். கிறிஸ்தவர் பட்டியலில் இருப்பது இந்த முடிவுக்கு ஒத்துவரவில்லையே என்று வட்டத்தில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி, சாவர்க்கரின் வரையறை அப்படியே நகலெடுக்கப்படவில்லை, முஸ்லிமை மட்டும் வெளியே நிறுத்தும் அளவுக்கு அது சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே என் விடை.

இதனுடன் அசாமின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். இதை முழுவதும் இந்துத்துவத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்: வங்க மொழி பேசுவோர் குறித்த அசாமிய மக்களின் நெடுநாள் அச்சம், 1985இன் அசாம் ஒப்பந்தம், உச்ச நீதிமன்றத்தின் நேரடிக் கண்காணிப்பு ஆகியவை இதன் பின்னால் உள்ளன. விடுபட்டவர்களில் இந்துக்களும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். வேறுபாடு அதன் பிறகுதான் தெரிகிறது. விடுபட்ட வங்க இந்துவுக்குத் திருத்தச் சட்டம் ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. விடுபட்ட வங்க முஸ்லிமுக்கு எஞ்சியது வெளிநாட்டினர் தீர்ப்பாயம் மட்டுமே. அங்கே, நான் வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழும் என்று 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் 9ஆம் பிரிவு விதித்திருந்தது. ஆற்று வெள்ளம் ஆண்டுதோறும் வீட்டைக் கரைத்துச் செல்லும் பிரம்மபுத்திரா மணல் தீவுகளில் வாழும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், தன் தந்தைக்குத் தான் மகள் என்பதற்குக் காகிதம் தேடி அலைந்த கதைகள் அந்த வழக்குகளில் நிறைய உண்டு.

மதமாற்றத் தடைச் சட்டங்களைப் படிக்கும்போது விதிவிலக்குகளை முதலில் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் மாற விரும்புபவர் அறுபது நாள் முன்னதாக மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். மாற்றம் கட்டாயத்தாலோ ஏமாற்றாலோ நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மாற்றியவர் மீது வைக்கப்பட்டிருக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் புகார் அளிக்கலாம். இத்தனைக்கும் நடுவே, முன்பிருந்த மதத்துக்குத் திரும்புவது மதமாற்றமாகவே கருதப்படாது என்று ஒரு வரி இருக்கிறது. தாய்மதம் திரும்புதல் என்ற பெயரில் நடக்கும் சடங்குக்கு அறிவிப்பும் வேண்டாம், சான்றும் வேண்டாம். சட்டத்தின் மனம் அந்த ஒரு வரியில் வெளிப்பட்டுவிடுகிறது.

இத்தகைய சட்டங்களை இந்துத்துவக் கட்சிகள் மட்டுமே கொண்டுவந்ததாக எண்ணுவதும் தவறு. ஒரிசாவில் 1967இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2002இல் அ.தி.மு.க. அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பப் பெற்றது. கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மாறும் தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்ற விதி 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் தொடங்கியது; சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் மட்டும் இன்னும் திறக்கவில்லை. பித்ருபூமி, புண்ணியபூமிக் கணக்கு காங்கிரஸ் ஆட்சியின் கோப்புகளுக்குள்ளும் அமைதியாகக் குடியிருந்திருக்கிறது என்பதைக் காணாமல் போனால், நம்முடைய படிப்பு ஒரு கட்சிக்கு எதிரான பிரசாரமாகச் சுருங்கிவிடும்.

தீர்ப்புகளைப் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு தீர்ப்பைப் பற்றி மேடையில் சொல்லப்படுவதும் தீர்ப்பில் எழுதப்பட்டிருப்பதும் பல நேரங்களில் வேறுபடும். இந்துத்துவம் ஒரு வாழ்க்கை முறை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதாக அடிக்கடி கேட்பீர்கள். அது ஒரு தேர்தல் வழக்கு; குறிப்பிட்ட பேச்சு முறைகேடான வாக்குச் சேகரிப்பாகுமா என்பதே அங்கே கேள்வி. சாவர்க்கரின் நூலை ஆராய்ந்து வழங்கிய சான்றிதழாக அதைப் படிக்க முடியாது. அயோத்தி வழக்கின் 2019 தீர்ப்பு நிலத்தைக் கோயிலுக்கு வழங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். 1949 டிசம்பர் இரவில் மசூதிக்குள் சிலைகள் வைக்கப்பட்டதும் 1992 டிசம்பர் 6 அன்று மசூதி இடிக்கப்பட்டதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அதே தீர்ப்பு சொல்வது குறைவான பேருக்கே தெரியும். இடித்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருந்த 32 பேரும் 2020 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். குற்றம் நடந்தது, குற்றவாளி எவருமில்லை என்ற இந்த நிலை ஒரு முஸ்லிம் குடிமகனின் மனத்தில் என்ன எழுதியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீதிமன்றம் சிறுபான்மையினருக்குத் துணை நின்ற இடங்களையும் அதே கவனத்தோடு குறிக்க வேண்டும். கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒருவர் மீது குற்றச்சாட்டு இருக்கிறது என்பதற்காக அவர் வீட்டைப் புல்டோசர் கொண்டு இடிக்கக் கூடாது, இடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை என்று 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. உங்கள் மாவட்டத்தில் அந்தப் பொறுப்பு அதிகாரி யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போட்டுக் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும் நல்ல பாடம் அது.

எண்களைச் சரிபாருங்கள்

முஸ்லிம்கள் விரைவில் பெரும்பான்மை ஆகிவிடுவார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வராத மாதமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 79.8 விழுக்காடு, முஸ்லிம்கள் 14.2, கிறிஸ்தவர்கள் 2.3. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1992–93இல் 4.4 ஆக இருந்து, 2019–21இல் 2.36 ஆகக் குறைந்தது; இந்துப் பெண்களுக்கு 3.3 என்பது 1.94 ஆனது. இரு கோடுகளும் இறங்குகின்றன, இடைவெளியும் சுருங்குகிறது. குஜராத்தில் 2002இல் கோத்ரா ரயில் பெட்டியில் எரிந்து மாண்டவர்கள் 59 பேர். அதன் பின் நடந்த கலவரத்தில் 790 முஸ்லிம்களும் 254 இந்துக்களும் கொல்லப்பட்டதாக 2005இல் மாநிலங்களவையில் அரசு தெரிவித்தது. ஒரு வரியை மட்டும் சொல்லி மறுவரியை விழுங்குபவர் எந்தத் தரப்பானாலும் அவருடைய மற்றக் கணக்குகளையும் ஐயத்தோடு பாருங்கள். 2024இல் மக்களவைக்குத் தேர்வான பா.ஜ.க. உறுப்பினர்கள் 240 பேர். அவர்களில் ஒரு முஸ்லிமும் இல்லை.

வன்முறையைப் படிக்கும்போது

இறந்தவர்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அந்த நாளில் யாரிடம் என்ன சான்று கேட்கப்பட்டது என்று பாருங்கள். 2015 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே, பசு கொல்லப்பட்டதாகக் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததைத் தொடர்ந்து ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர் தம் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அதன் பிறகு இறைச்சி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. அது ஆடா, மாடா என்ற விவாதம் மாதக்கணக்கில் நீண்டது. கொல்லப்பட்ட பின்னும் அந்த மனிதர் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டியவராகவே இருந்தார். ஒடிசாவின் கந்தமாலில் 2008 ஆகஸ்டில், ஒரு இந்துத் துறவி கொல்லப்பட்டதற்கு மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றும், பழி கிறிஸ்தவர் மேல் விழுந்தது. தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன, பல்லாயிரம் பேர் காடுகளிலும் முகாம்களிலும் தஞ்சம் புகுந்தார்கள்.

கோவையைப் படிப்பவர் 1997 நவம்பரையும் 1998 பிப்ரவரி 14ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலில் ஒரு காவலர் கொலை, பிறகு பதினெட்டு முஸ்லிம்களின் சாவு, அதன் பின் 58 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்புகள். பெரும்பான்மைவாதம் சிறுபான்மையினரிடையே தீவிரவாதத்துக்கு உரமிடுகிறது, அந்தத் தீவிரவாதம் பெரும்பான்மைவாதத்துக்கே மீண்டும் வாக்காகத் திரும்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு தமிழ்நாட்டில் இல்லை.

கடைசியாக, மனிதர்களிடம் கேளுங்கள்

நூலும் சட்டமும் முடிந்த பிறகு, உங்கள் ஊரிலேயே இரண்டு மூன்று முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் பேசுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். ஒலிப்பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். காவல் நிலையம், வழக்கு பற்றிய பேச்சு வந்தால் அவர்களே தொடரும் வரை காத்திருங்கள். எங்கள் வட்டத்தில் முதல்முறை போனவர்கள் பெரும் தவறு ஒன்றைச் செய்தார்கள். இந்தியாவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு முதியவரிடம் கேட்டுவிட்டார்கள். அவர் எழுந்து உள்ளே போய், தம் தந்தையார் வாங்கிய வீட்டுப் பத்திரத்தையும் பழைய குடும்ப அட்டையையும் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். நல்லெண்ணத்தோடு போன நாங்களும் அவரிடம் சான்றுதான் கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் இப்போது கேள்விகளை மாற்றிக்கொண்டோம். வாடகைக்கு வீடு தேடியபோது எத்தனை இடத்தில் பெயரைச் சொன்னதும் பதில் மாறியது, பிள்ளைகள் பள்ளிக்கு மதிய உணவாக என்ன எடுத்துச் செல்கிறார்கள், எதை எடுத்துச் செல்வதில்லை, இரவு ரயிலில் தொலைபேசியில் சலாம் சொல்லத் தயங்கியது உண்டா, ஜெபக்கூட்டம் நடத்தும் வீட்டில் ஜன்னலை எப்போது மூடத் தொடங்கினார்கள் என்று கேட்கிறோம். பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே, தேதியிட்டு, குறிப்பேட்டில் சட்டப் பிரிவுகளை எழுதியிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதிவைக்கிறோம்.